விமானம் ஏறுமுன் மலை இறங்க வேண்டும்

கண்டி மாநகருக்கெனச் சர்வதேச விமான நிலையம் கிடையாது. மேற்படிப்பிற்காகக் கடல் கடக்கும் மாணவரும், தொழில் நாடி மத்திய கிழக்கிற்குச் செல்லும் தோட்டத்துச் சகோதரிகளும் முதலில் மலையிறங்கிக் கட்டுநாயக்கவை அடைந்தாக வேண்டும். வழி ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். "நூறு கிலோமீற்றர் தானே!" என்று அசட்டையாயிருப்போர் நம்மிடையே பலர். இப்பிரயாணத்தைத் தூரத்தால் அளத்தல் தகாது, நேரத்தாலேயே அளத்தல் வேண்டும் என்பதே இவ்வாரம் நாம் வற்புறுத்த விழைவது.

மலைநாட்டிற்கு வழி சமைத்தல் எக்காலத்தும் எளிதாயிருந்ததில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் கொழும்பு – கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. புகையிரதம் கண்டியை எட்டியது 1867ஆம் ஆண்டிலேதான். அன்று தொட்டு வாகனங்கள் எவ்வளவோ மாறிவிட்டன. மலைச்சரிவின் இயல்பு மாறவில்லை. 2025 நவம்பரில் கீழ்க் கடுகண்ணாவையில் நிகழ்ந்த மண்சரிவு உயிர்களைப் பலிகொண்டது. அம்மாத இறுதியில் வீசிய டித்வா சூறாவளி வீதியையும் இருப்புப்பாதையையும் ஒருங்கே சிதைத்தது.

இனி வழிகளைக் காண்போம். பேராதனை, கடுகண்ணாவை, மாவனல்லை, கேகாலை, வறக்காப்பொலை ஊடாக நிட்டம்புவை வரை கொழும்பு வீதியில் வந்து, பின் வேயங்கொடை, மினுவாங்கொடை வழியே கட்டுநாயக்கவை அடைவது வழமை. கம்பளையிலிருந்து வருவோர் கண்டி நகருக்குள் புகாமலே பேராதனையில் இவ்வீதியைச் சேரலாம். மற்றொரு வழி கலகெதரை ஊடாகக் குருநாகல் சென்று, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய அதிவேக வீதியில் மீரிகமை வரை வருவதாகும். தூரம் சற்றுக் கூடினும், கடுகண்ணாவையில் தடை ஏற்படும் நாளில் இதுவே கைகொடுக்கும்.

செலவைச் சுருக்க வேண்டியவர்க்குப் பஸ் உண்டு. நீர்கொழும்பு செல்லும் பஸ்ஸில் ஏறிக் கட்டுநாயக்கவில் இறங்கலாம். அல்லது கொழும்புக்குப் போய், கோட்டையிலிருந்து 187ஆம் இலக்கப் பஸ்ஸைப் பிடிக்கலாம். புகையிரதத்தில் வருவோர் றாகமையில் இறங்கிப் புத்தளப் பாதை வண்டிக்கு மாறவேண்டும். சேவை நடைபெறுகின்றதா, வண்டி றாகமையில் நிற்குமா என்பவற்றை முன்னரே விசாரித்தறிதல் நன்று. பகல் விமானமும் சிறு பெட்டியுமாயின் இவ்வழிகள் தகும். இரவு விமானமும் கனத்த மூட்டைகளுமாயின் வாடகை வானே உகந்தது. ஒரே நாளில் செல்லும் இரு குடும்பங்கள் சேர்ந்தால் செலவு பாதியாகும்.

நேரக் கணக்கிற்கு வருவோம். விமானம் பதினைந்தாந் திகதி அதிகாலை இரண்டரை மணிக்குப் புறப்படுவதாகக் கொள்வோம். மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது பதினான்காந் திகதி இரவு பதினொன்றரைக்கு, விமான நிலையத்தில் இருத்தல் வேண்டும். வழிக்கு மூன்றரை மணி. மழைக்கும் நெரிசலுக்கும் மேலும் இரண்டு மணி. ஆகவே பதினான்காந் திகதி மாலை ஆறு மணிக்கே கண்டியை விட்டுப் புறப்படல் வேண்டும். பயணச்சீட்டில் பதினைந்து என்றிருப்பதைக் கண்டு அன்று மாலை பெட்டி கட்டுபவர், பறந்துபோன விமானத்திற்கே பெட்டி கட்டுகிறார்! பெரஹரா நாட்களிலும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் இன்னும் முன்னதாகப் புறப்படுக. அடைமழைக் காலத்தில் முதல்நாளே இறங்கி, நீர்கொழும்பிலோ கொழும்பிலோ உறவினர் வீட்டில் தங்குதல் சாலச் சிறந்தது.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று கேட்கலாம். செல்வருக்கு விமானம் தவறின் வேறொரு சீட்டு வாங்குவது பெரிதன்று. தாலிக்கொடியை அடகு வைத்தும் வட்டிக்குக் கடன்பட்டும் மகளை அனுப்பும் குடும்பத்திற்கோ அந்த ஒரு மணி நேரத் தாமதம் பல ஆண்டுக் கடனாய் முடியலாம்.

வழியனுப்பும் வழக்கம் பற்றியும் ஒரு சொல். பிள்ளை புறப்படுகையில் பாட்டி முதல் பக்கத்து வீட்டார் வரை வானில் ஏறிக்கொள்வது நம் அன்பின் அடையாளமே. ஆயினும் பெட்டிக்கு இடமின்றியும் ஒவ்வொருவர்க்காக வழியில் நிறுத்தியும் நேரம் கரைகின்றது. விமான நிலையத்திலோ ஓர் எல்லைக்கு மேல் எவரும் உடன்செல்ல இயலாது. பெரியோர் ஆசி வீட்டு வாசலிலேயே நிறைவுறட்டும். துணைக்கு இருவர் போதும்.

அவ்விருவரும் திரும்புங்கால் சாரதியை மறத்தல் ஆகாது. இரவு முழுதும் கண்விழித்தவர் விடியற்காலையில் மலை வளைவுகளில் வண்டியைச் செலுத்துதல் பேராபத்து. ஓரிரு மணி நேரம் அவரை உறங்கவிட்டு, ஒரு கோப்பைத் தேநீரும் கொடுத்துப் பின் புறப்படுங்கள். சென்ற பிள்ளை நலமே சேர்ந்த செய்தியைக் கேட்க, அனுப்பியவர்களும் நலமே வீடு திரும்ப வேண்டுமன்றோ?