முடங்கிய செடிகளுக்கு நடுவே நாட்டுத் தக்காளி



தியாகராஜர் கோயில் மாசித் திருவிழாவுக்குக் கொடி ஏறும் நாளும், திருவொற்றியூர் மாடிகளில் நாட்டுத் தக்காளி பழுக்கும் நாளும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வருகின்றன. ஐப்பசியில் விதை போட்டு, மழைக்குத் தப்பிய நாற்றைத் தொட்டிக்கு மாற்றியவர்களுக்கு இப்போது அறுவடை. பங்குனி வெயில் ஏறி, இரவிலும் புழுக்கம் கண்டுவிட்டால் பூவெல்லாம் உதிர்ந்துவிடும். அதனால் இந்தச் சில வாரங்கள்தான் நமக்கு.

ஆனால் உங்கள் கடிதங்களில் அறுவடையைவிட நோய்தான் அதிகம். “இலை முடங்கிடுச்சு, என்ன அடிக்கலாம்?” இதே கேள்வியை எர்ணாவூரிலிருந்தும் கேட்கிறீர்கள், ராயபுரத்திலிருந்தும் கேட்கிறீர்கள். செடியை லேசாகத் தட்டிப் பாருங்கள். இலைக்கு அடியிலிருந்து வெள்ளைப் பொடி பறப்பதுபோல் ஏதாவது கிளம்பினால், அதுதான் வெள்ளை ஈ. இலைச்சுருட்டு வைரஸைச் செடிக்குச் செடி சுமந்து போவது அதுதான். கொழுந்து மேல்நோக்கிச் சுருண்டு, இலை சிறுத்து, வளர்ச்சி நின்று செடி கட்டையாகிவிடும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து அடித்தால் ஈ குறையும். ஏறிய வைரஸ் இறங்காது. இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மோர், பஞ்சகவ்யம், மஞ்சள்தூள் என்று வாரக்கணக்கில் வைத்தியம் பார்த்து, பக்கத்துத் தொட்டிகளுக்கும் நோயைப் பரப்பிவிடுபவர்கள் நம்மில் நிறைய பேர்.

பூப்பதற்கு முன்பே முடங்கிய செடியை இரக்கம் பார்க்காமல் பிடுங்கிவிடுங்கள். பிஞ்சு பிடித்த பிறகு வந்த நோய் என்றால் அவ்வளவு கடுமை வேண்டாம். தொட்டியைத் தனியாக ஒதுக்கி, மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, இருக்கிற காயைப் பறித்துக்கொள்ளலாம். அந்தப் பழத்தைச் சாப்பிடலாமா என்று ஒரு வாசகி பயந்து எழுதியிருந்தார். தாராளமாகச் சாப்பிடலாம் அம்மா, செடியைப் பிடிக்கும் இந்த வைரஸ் மனிதரைப் பிடிக்காது.

நேற்றுவரை பச்சையாக நின்ற செடி திடீரென்று துவண்டால் அது வேறு கதை. தண்டை அறுத்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முனை படும்படி பிடியுங்கள். பால் கசிவதுபோல் வெண்ணிற இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் அடுத்துக் கத்தரியோ மிளகாயோ வைக்கக் கூடாது. கீழ் இலைகளில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி விழுந்தால் இலைக்கருகல். அந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, இலையில் படாமல் வேரில் மட்டும் தண்ணீர் ஊற்றினாலே பாதிக் கவலை தீரும். பழத்தின் அடிப்பகுதி கறுத்து அமுங்குவது நோயே இல்லை. சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராத குறை. உப்பேறிய போர் தண்ணீரும், ஒருநாள் வெள்ளம் ஒருநாள் வறட்சி என்று ஊற்றுவதும் அதைக் கூட்டும். நம் பக்கத்தில் போர் தண்ணீரின் ருசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை!

நோய் வந்த தோட்டத்தில் பழம் செடியிலேயே சிவக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடியில் இளஞ்சிவப்பு லேசாகப் பூத்ததுமே பறித்துவிடலாம். காம்பில் முட்டிபோல் ஒரு கணு இருக்கும். அங்கே மடக்கினால் சட்டென்று ஒடியும். வீட்டுக்குள் வெயில் படாமல் பரப்பி வைத்தால் தானே பழுக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் மணம் போய்விடும். அணிலையும் இப்படித்தான் முந்திக்கொள்ள வேண்டும்.

2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றபோது பலருக்கு மாடித்தோட்ட ஆசை வந்தது. காசு மிச்சமாகும் என்று தொடங்கினால் ஏமாற்றம்தான். விலை ஏறும் ஆடியில் சென்னை மாடியில் தக்காளி சரியாகக் காய்க்காது. விற்பனைக்கு வளர்ப்பவருக்கு பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்க்கா ரக்ஷக்’ இருக்கிறது. நான் மேலே சொன்ன முடக்கு, வாடல், கருகல் மூன்றையும் தாங்கும் வீரிய ஒட்டு ரகம். ஆனால் அதன் விதையை எடுத்துப் போட்டால் தாய்ச்செடி அப்படியே திரும்பி வராது. நாட்டு ரகம் வரும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த புகழ்பெற்ற பி.கே.எம். 1 ரகமே அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து எடுத்ததுதான். நாட்டுத் தக்காளிக்கு மெல்லிய தோல், தூக்கலான புளிப்பு. நெத்திலிக் குழம்புக்கு அதற்கு ஈடு கிடையாது என்பது என் கட்சி.

ஆகவே சுற்றிலும் முடங்கியபோது முடங்காமல் நின்ற ஒரு செடி உங்கள் மாடியில் இருந்தால், அதன் முதல் நல்ல பழங்களைச் சமையலுக்குக் கொடுக்காதீர்கள். நன்றாகப் பழுத்ததும் விதையைச் சாற்றோடு பிழிந்து இரண்டு நாள் புளிக்க விடுங்கள். பிறகு அலசி, நிழலில் காயவைத்து எடுத்து வையுங்கள். அதில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து, நட்ட மாதத்தையும் தெருவுக்கு எவ்வளவு பக்கத்தில் கடல் என்பதையும் எழுதி நமக்கு அனுப்புங்கள். தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையும் உள்ளே இருந்தால், வேறொரு வாசகர் வீட்டு விதை ஐப்பசிக்கு முன் உங்களுக்கு வந்து சேரும்.

அன்புடன்,
ஆசிரியர்