பாரிஸ்டர் மயக்கமும் மறைக்கப்படும் விதியும்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டையொட்டிச் செல்லும் சாலை ராஷ்பிஹாரி கோஷின் பெயரைத் தாங்கியது. அருகிலுள்ள பூங்கா தேசப்பிரியர் ஜதீந்திர மோகன் சென்குப்தாவின் பெயரைத் தாங்கியது. முன்னவர் கல்கத்தாவிலேயே பயின்று வக்கீலாகி, அடமானச் சட்டம் பற்றிய தாகூர் சட்டச் சொற்பொழிவுகளால் புகழ்பெற்றவர். பின்னவர் கேம்பிரிட்ஜில் படித்துப் பாரிஸ்டராகத் திரும்பியவர். வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தை இன்று விலைபேசும் முகவர்கள் பின்னவரின் ஒளியில்தான் குளிர்காய்கின்றனர்.

அந்த ஒளி அறிவால் மட்டும் வந்ததன்று, விதியால் வந்தது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடில் வக்கீல்களுக்கு இடமின்றி, பாரிஸ்டர்களே நெடுங்காலம் வாதிட்டனர். கப்பலேறியவர் வாங்கிவந்தது அந்த வாயிலின் திறவுகோலை. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் அனைவரையும் ஒரே வகுப்பினராக்கியது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் எஞ்சியிருந்த இரட்டை முறை 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் முடிவுற்றது. பூட்டே இல்லாத கதவுக்குத் திறவுகோல் விற்பது வணிகமா, ஏமாற்றா?

இன்று நிலைமை தலைகீழ். வெளிநாட்டுப் பட்டத்தை இந்திய பார் கவுன்சில் ஏற்றிருக்க வேண்டும். அதன் பின்னரும் பட்டதாரி தனியே ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். பள்ளி முடித்தவர் இங்கே 5 ஆண்டுகள் படிக்கும் சட்டத்தைப் பிரிட்டனில் 3 ஆண்டுகளில் முடிக்கலாம் என்பது விளம்பரத்தின் கவர்ச்சி. அந்த 2 ஆண்டு இடைவெளியே பதிவின்போது முட்டுக்கட்டையாகும் என்பதை விளம்பரம் சொல்வதில்லை.

பிரிட்டனிலேயே தங்கித் தொழில் செய்யலாமே என்பர். அங்கும் எல்எல்பி மட்டும் போதாது. சொலிசிட்டராக எஸ்கியூஇ தேர்வுகளோடு 2 ஆண்டுப் பணியனுபவம் வேண்டும். படிப்புக்குப் பிந்தைய விசாவோ காலவரையறை கொண்டது. கடனுக்கு அத்தகைய கருணை இல்லை.

கடல்கடந்து கற்பது குற்றமன்று. பன்னாட்டு நடுவர்மன்றத் துறையிலோ கடல்சார் சட்டத்திலோ ஆழங்காண விரும்புவோர், இங்கே பட்டம் பெற்றபின் மேற்படிப்புக்குச் செல்வதில் பொருளுண்டு. ஆனால் அலிப்பூர் நீதிமன்றத்தில் வாதிடப்போகும் மாணவருக்கு, லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்தே செல்லக்கூடிய ஹாஜ்ரா சாலைச் சட்டக் கல்வி எவ்வகையில் தாழ்ந்தது?

பட்டம் இந்தியாவில் ஏற்கப்படுமா, எத்தனை தேர்வுகள் எஞ்சும், பதிவுக்கு எவ்வளவு காலமாகும்: இம்மூன்றுக்கும் எழுத்து மூலம் விடையளிக்காத முகவர் ஒரு ரூபாய்கூடப் பெறலாகாது. இதைச் சட்டமாக்கக் கோர வேண்டியவர்கள் சட்டம் கற்பிப்போரே. அவர்களது மௌனத்திற்கான விலையைப் பெற்றோர் வட்டியோடு செலுத்துகின்றனர்.