பேயைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகள்



ரீ.வி.யில் வரும் பேய்க் காட்டூன்களைப் பிள்ளைகள் பார்க்கலாமா? மாத்தளையில் தாய்மார் நாலு பேர் கூடினால் எப்படியோ இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கோரைப்பல் வைத்த டிராகுலா, கழுத்தில் ஆணி ஏறிய பிராங்கன்ஸ்டைன் பூதம், நிலா எழுந்ததும் ஓநாயாகும் மனிதன், உடம்பெல்லாம் சீலை சுற்றிய மம்மி. பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறது. பக்கத்தில் இருக்கும் தாய்க்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. பங்கருக்குள் கிடந்து உயிர் தப்பி வந்தவள், பயத்தை மறுபடியும் வீட்டுக்குள் விடுவதா என்று நினைப்பதில் பிழையில்லை. ஆனால் ரீ.வி.யை அணைக்குமுன் அந்தப் பேய்கள் யார் என்று கொஞ்சம் பார்ப்போம்.

1988ஆம் ஆண்டு பிரித்தானியாவில் 'கவுண்ட் டக்குலா' என்றொரு தொடர் தொடங்கியது. டிராகுலாவின் வம்சத்தில் வந்த ஒரு வாத்துதான் கதாநாயகன். அந்த வம்சத்தில் இறந்தவரை மீண்டும் உயிர்ப்பிக்க ஒரு சடங்கு உண்டு. அதற்கு இரத்தம் வேண்டும். வீட்டைப் பார்க்கும் ஆயாவோ மறதியில் இரத்தத்துக்குப் பதிலாகத் தக்காளி சோஸை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். எழுந்து வந்த டிராகுலா மரக்கறிதான் சாப்பிடுகிறது! பரம்பரைக் கொடுமையை எதிர்பார்த்திருந்த வேலைக்காரனுக்கு இதில் ஒரே கவலை. இதைவிட வேடிக்கை, இரத்தக் காட்டேரிகளை ஒழிப்பதே வேலையாகக் கொண்ட ஒரு விஞ்ஞானி டக்குலாவை ஓயாமல் துரத்துகிறார். அது யாரையும் கடித்ததில்லை. பிறந்த வம்சத்தின் பெயர் ஒன்றே அதன் குற்றம். பிள்ளைகளுக்கு இது பகிடி. 1977ஐயும் 1983ஐயும் மாத்தளையில் இருந்து பார்த்தவர்களுக்கு வேறு ஏதாவது நினைவுக்கு வரலாம்.

இதற்கும் முன்னர், 1970இல், அமெரிக்காவில் 'குரூவி கூலீஸ்' என்ற காட்டூன் வந்தது. அதில் டிராகுலாவும் பிராங்கன்ஸ்டைன் பூதமும் ஓநாய் மனிதனும் ஒரே வீட்டில் குடியிருந்து பாட்டுக் கச்சேரி நடத்துவார்கள். இந்த வகைத் தொடர்கள் எல்லாவற்றுக்கும் வழி ஒன்றுதான். பயங்கரமான ஒன்றை எடுத்து, அதற்கு ஒரு மறதியோ பசியோ வெட்கமோ கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அதைக் கண்டு நடுங்க முடியாது.

பிராங்கன்ஸ்டைன் கதையை எழுதியவர் ஒரு பெண் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மேரி ஷெல்லி 1797இல் பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தார். அந்தத் தாய் பெண்களின் உரிமைக்காகப் புத்தகம் எழுதிய மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட். 1815இல் மேரி ஷெல்லியின் முதற்குழந்தை பிறந்து இரண்டு கிழமையாவதற்குள் இறந்தது. அதே ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வானத்தை மறைத்ததால் 1816இல் ஐரோப்பாவில் கோடைகாலமே இல்லாமற் போயிற்று. அந்த மழைக்குளிரில் சுவிட்சர்லாந்தில் ஒரு வீட்டுக்குள் முடங்கியிருந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பேசிக்கொண்டார்கள். அப்படித் தொடங்கிய கதைதான் இது. அப்போது மேரிக்கு வயது 18. 1818இல் புத்தகம் வெளிவந்தபோது அதில் அவர் பெயரே இல்லை. பின்னர் இன்னும் இரு பிள்ளைகளை அவர் பறிகொடுத்தார். 24 வயதில் கணவரும் கடலில் மூழ்கிப் போனார். எஞ்சிய ஒரே மகனை எழுதிச் சம்பாதித்தே வளர்த்தார்.

அவருடைய பூதம் பிறவியிலே கெட்டதல்ல. உருவாக்கியவனே அதன் முகத்தைப் பார்த்துப் பயந்து ஓடிவிடுகிறான். யாரும் ஏற்றுக்கொள்ளாத தனிமைதான் அதைக் கொடியதாக்குகிறது. காட்டூனில் வரும் அசட்டுப் பூதத்தின் மூலக்கதை இதுதான்.

பேயைச் சிரிப்புக்கு ஆளாக்குவது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தையுமல்ல. நமது நாட்டின் தென்பகுதியில் நோய் தீர்க்க ஆடும் சன்னி யக்கும சடங்கில் பதினெட்டு நோய்ப் பேய்கள் முகமூடியோடு வரும். குருட்டுப் பேய், செவிட்டுப் பேய், ஊமைப் பேய் என்று அவற்றுள் உண்டு. பயமுறுத்திக்கொண்டு வரும் பேயை மேளக்காரர் கேள்வி கேட்டுக் கேட்டு நையாண்டி பண்ணுவார். நோயாளியும் சுற்றியிருப்போரும் சிரிப்பார்கள். தமிழிலும் உண்டு. ஜெயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், போர் முடிந்த களத்தில் பசித்த பேய்கள் கூடிக் கூழ் காய்ச்சுகின்றன. அங்கேயும் குருட்டுப் பேய், ஊமைப் பேய், கர்ப்பிணிப் பேய் எல்லாம் பந்தியில் இருக்கும். பிணக்களத்தின் நடுவே இப்படியொரு சிரிப்பு வைக்க அந்தப் புலவருக்கு மனம் வந்ததே என்று எனக்கு எப்போதும் வியப்பு.

ஆகவே காட்டூன் பேயால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. நாம் வாயால் காட்டும் பேய்தான் எனக்குக் கவலை.

"சாப்பிடாவிட்டால் ஆமி பிடித்துக்கொண்டு போகும்", "பொலிசுக்குச் சொல்லவா?", "வெள்ளை வான் வருது". எத்தனை வீடுகளில் இதைக் கேட்கிறோம்! இந்தப் பேய்களுக்குத் தக்காளி சோஸ் கிடையாது. சொல்பவளின் குரலிலேயே உண்மையான நடுக்கம் இருக்கும். இன்று பத்து வயதுப் பிள்ளை, யுத்தம் முடிந்த 2009க்கு எவ்வளவோ பின்னர் பிறந்தது. அதற்கு ஷெல் சத்தம் தெரியாது. ஆனால் தாயின் முகம் தெரியும். எதைக் கண்டு அம்மா விறைத்துப் போகிறாளோ அதைக் கண்டு பிள்ளையும் விறைக்கும். ஒரு கவளம் சோற்றை இறக்குவதற்காகக் காணாமற் போனவரின் கதையைக் கையில் எடுக்க வேண்டாம், சகோதரிகளே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011 ஆகஸ்ட்டில் கிறீஸ் பூதம் என்ற பீதி மலையகத் தோட்டங்களிலும் கிழக்கிலும் புத்தளத்திலும் பரவியது நினைவிருக்கும். உடம்பில் கிறீஸ் பூசிய ஆள் பெண்களைத் தாக்குகிறான் என்ற பேச்சில் பொழுதுபட்டால் பெண்கள் வெளியே இறங்க அஞ்சினார்கள். பெயர்தான் பூதம். பெண்கள் பயந்தது மனிதனுக்கு. அப்படிப்பட்ட பயத்தைச் சிரித்துக் கலைக்கக் கூடாது. உங்கள் பிள்ளை, "கட்டிலுக்குக் கீழே பேய் இருக்கிறது" என்றால் இருவருமாகக் குனிந்து பார்த்துச் சிரியுங்கள். "கடைக்காரரைப் பார்த்தால் பயம்", "அந்த மாமா வீட்டுக்குப் போக மாட்டேன்" என்றால் சிரிக்காதீர்கள், அதட்டாதீர்கள். வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள்.

காட்டூன் பார்க்கும்போது முடிந்தால் பக்கத்தில் இருங்கள். ஐந்தாறு வயதுவரை உண்மையும் கற்பனையும் பிள்ளைக்கு முற்றாகப் பிரிபடாது. படுக்கப் போகும் நேரத்தில் பேய்க்கதை வேண்டாம். பயந்த பேயைக் கரித்துண்டாலாவது வரையச் சொல்லி, அதற்கு ஒரு தொப்பியோ மீசையோ போடச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் பெயரும் வைக்கும். கெட்ட கனவு, படுக்கையில் சிறுநீர் கழித்தல், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல் என்பன வாரக்கணக்கில் நீடித்தால் உங்கள் பிரதேசக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அல்லது அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளை தூங்கிய பின்னும் கண் மூட முடியாமல் விழித்திருக்கும் தாய்மாருக்கும் அதே இலக்கந்தான்.