பெருங்கப்பலும் பொதுச்செலவும்

பெருத்ததெல்லாம் முன்னேற்றம் என்பது இன்றைய கப்பற்றொழிலின் வேதவாக்கு. அதன் முதன்மைச் சின்னம் ‘ட்ரிபிள் ஈ’ வகைக் கொள்கலன் கப்பலாகும். டென்மார்க்கின் மேர்ஸ்க் நிறுவனம் இத்தகைய இருபது கப்பல்களைத் தென்கொரியாவில் கட்டுவிக்க 2011 இல் ஒப்பந்தம் செய்தது. முதற்கப்பல் 2013 இல் சேவைக்கு வந்தது. அதன் நீளம் 399 மீற்றர். அகலம் 59 மீற்றர். இருபதடிக் கொள்கலன்கள் 18,000 இற்கு மேல் ஏற்றவல்லது.

பேரளவுச் சிக்கனம், எரிபொருட் சிக்கனம், சூழல் மேம்பாடு என்பனவே பெயரிலுள்ள மூன்று ‘ஈ’க்கள். முதலாவதே ஏனைய இரண்டையும் ஈன்றது என்ற மயக்கத்தை இப்பெயர் விளைவிக்கிறது. கொள்கலன் ஒன்றுக்குச் செலவாகும் எரிபொருள் குறைந்தமை மறுப்பதற்கில்லை. ஆனால், 2006 இல் வந்த எம்மா மேர்ஸ்க் கப்பலிலும் மெதுவாக ஓடுவதற்கென்றே ட்ரிபிள் ஈ வடிவமைக்கப்பட்டது. வேகம் சிறிது குறைந்தால் எரிபொருட் செலவு பெரிதும் குறையும். எனவே சேமிப்பின் கணிசமான பங்கு மெதுவோட்டத்துக்கும் புதிய இயந்திரங்களுக்கும் உரியது, பருமனுக்கு உரியதன்று. பருமன் தரும் பங்கும் கப்பல் நிறைந்து சென்றாலன்றிக் கிட்டாது. போட்டிக்குக் கட்டிய கப்பல்கள் மிகுந்து, கட்டணங்கள் சரிந்த நிலையிலேயே தென்கொரியாவின் ஹன்ஜின் நிறுவனம் 2016 இல் வீழ்ந்தது.

இலாபம் கப்பலுடையோருக்கு, அதற்கான ஆழம் எவர் செலவில்? ஹம்பேர்க் துறைமுகத்துக்காக எல்பே ஆறு அரச பணத்தில் மீண்டும் ஆழமாக்கப்பட்டு, 2022 இன் தொடக்கத்தில் முழுமையாகத் திறக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே சேறு படிந்து, பெற்ற ஆழத்தின் ஒரு பகுதி இழக்கப்பட்டது. கொழும்பிலும், 2013 இல் திறக்கப்பட்ட 18 மீற்றர் ஆழமுடைய தென்முனையத்தைக் காக்கும் அலைதடுப்பணை ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனால் எழுந்தது. அம்முனையத்தால் கொழும்பு பயனடைந்தது உண்மையே. எனினும் கடனைச் சுமந்தது பொது நிறுவனம். 2021 மார்ச்சில் 400 மீற்றர் நீளமான எவர் கிவன் சுயெஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கியபோது, ஆறு நாட்கள் உலக வாணிபமே தடைப்பட்டது. ஒரு கப்பலின் பருமன் நூற்றுக்கணக்கான கப்பல்களைக் காக்கவைத்தது.

கப்பல் பெரிதாதல் குற்றமன்று. ஆழமாக்கலும் பாரந்தூக்கிகளும் விபத்துக்களும் கணக்கில் வராமல் அதனைச் சிக்கனம் என்பதே குற்றம். பருமனுக்கேற்ற கட்டணத்தைத் துறைமுகங்கள் ஒன்றுபட்டு அறவிடுதல் வேண்டும். தனித்தனியே போட்டியிடும்வரை அவை ஆழப்படுத்துவது தத்தம் கடனையே.