உரிமை 25 வயது வரை, வேன் 16 வயது வரை: இங்கிலாந்தின் சிறப்புக் கல்லூரிகள் கேட்பது என்ன?

இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான கல்வி முறையை மாற்றியமைக்கும் பேச்சு சில ஆண்டுகளாகச் சூடாக ஓடிக்கொண்டிருக்கிறது. கவுன்சில்களிடம் பணம் இல்லை, பெற்றோர் தீர்ப்பாயப் படி ஏறுகிறார்கள், நாடாளுமன்றக் குழு அறிக்கை மேல் அறிக்கை தருகிறது. இவ்வளவு பேச்சிலும் 'பள்ளி' என்ற சொல் வரும் அளவுக்கு 'கல்லூரி' என்ற சொல் வருவதில்லை. மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கான சிறப்புக் கல்லூரிகளின் சங்கமான நாட்ஸ்பெக்கின் கவலையே இதுதான். சீர்திருத்தம் பள்ளி வாசலோடு நின்றுவிடக் கூடாது என்பது அதன் வாதம்.

சட்டப்படி பார்த்தால் இந்த இளைஞர்களுக்கு 25 வயது வரை உரிமை இருக்கிறது. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்தத் தேவையான மூன்று விஷயங்கள், அதாவது போக்குவரத்து, பணம், நேரத்துக்கு வரும் முடிவு ஆகிய மூன்றுமே, 16 வயதைத் தாண்டியதும் ஆட்டம் காண்கின்றன. எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சிறப்புக் கல்லூரி என்றால் என்ன?

பள்ளிப் படிப்பு முடிந்து 16 வயதுக்கு மேல் வரும் மாற்றுத்திறனாளிகளுக்காகவே நடத்தப்படும் கல்லூரிகள் இவை. வழக்கமான பட்டப் படிப்புக் கல்லூரி என்று நினைத்துவிட வேண்டாம். சில மாணவர்கள் பொதுத் தேர்வுக்குப் படிப்பார்கள். சிலர் தனியாகப் பேருந்தில் போகவும், சமைக்கவும், கண் அசைவில் இயங்கும் கணினி வழியாகப் பேசவும் கற்பார்கள். பேச்சுப் பயிற்சி, இயன்முறை சிகிச்சை, செவிலியர் உதவி எல்லாம் பாடத்தோடு சேர்ந்தே நடக்கும்.

சிலவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. பார்வையற்றோருக்கான ராயல் நேஷனல் கல்லூரி 1872இல் லண்டனில் தொடங்கப்பட்டு, 1978இல் ஹியர்ஃபோர்டு நகருக்கு வந்தது. ஷ்ரோப்ஷயரில் உள்ள டெர்வென் கல்லூரி 1927இல் ஆக்னஸ் ஹண்ட் தொடங்கியது. செல்ட்னம் அருகே உள்ள நேஷனல் ஸ்டார் கல்லூரி 1967இல் உருவானது. மைன்ஹெட் கடற்கரை ஊரில் உள்ள ஃபாக்ஸஸ் அகாடமியில், கற்றல் குறைபாடுள்ள மாணவர்கள் நிஜமான ஹோட்டலிலேயே வேலை பழகுகிறார்கள்.

இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் நாட்ஸ்பெக்கில் உறுப்பினர்கள். வேல்ஸ் பகுதியிலும் இதற்கு உறுப்பினர்கள் உண்டு. ஆனால் வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துக்குத் தனித்தனிச் சட்டங்கள் இருப்பதால், இங்கே சொல்லப்படுவது எல்லாம் இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 16 வயதுக்கு மேல் படிக்கும் மாற்றுத்திறனாளிகளில் பெரும்பாலோர் சாதாரணக் கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள். அங்கே சமாளிக்க முடியாத அளவுக்குச் சிக்கலான தேவை உள்ளவர்கள்தான் சிறப்புக் கல்லூரிக்கு வருகிறார்கள். எண்ணிக்கை சிறியது. குரல் எடுபடாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

25 வயது வரை உரிமை: எந்தச் சட்டம்?

2014ஆம் ஆண்டின் 'குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம்' இதற்கு அடிப்படை. கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைக்குக் கவுன்சில் ஒரு 'கல்வி, உடல்நலம், பராமரிப்புத் திட்டம்' எழுதித் தர வேண்டும். பிள்ளைக்கு என்ன தேவை, யார் என்ன உதவி செய்ய வேண்டும், எந்த நிறுவனத்தில் படிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம். கவுன்சில் நினைத்தால் செய்யலாம், இல்லாவிட்டால் விடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பழைய முறை பள்ளியோடு முடிந்துவிடும். புதிய சட்டம் அதை 25 வயது வரை நீட்டித்தது. கட்டாயப் பள்ளி வயதைக் கடந்ததும் உரிமை பெற்றோரிடமிருந்து அந்த இளைஞரின் கைக்கே மாறுகிறது. அரசின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள சிறப்புக் கல்லூரியை அவரே கேட்கலாம். திட்டத்தில் அந்தக் கல்லூரியின் பெயர் எழுதப்பட்டுவிட்டால், கல்லூரி அவரைச் சேர்த்தே ஆக வேண்டும்.

2015 ஜனவரியில் இப்படி ஆவணம் வைத்திருந்தவர்கள் சுமார் 2.4 லட்சம் பேர். 2025 ஜனவரியில் இந்த எண்ணிக்கை 6,38,745. பத்து ஆண்டுகளில் இரண்டரை மடங்குக்கும் மேல். இந்தப் பெருக்கத்தில் பெரும்பகுதி இன்னும் பள்ளியில் இருக்கிறது. இன்று பள்ளியில் இருப்பவர்கள் நாளை கல்லூரிக்கு வருவார்கள். கணக்குப் போட பெரிய மூளை தேவையில்லை. ஆனால் திட்டமிடல் அந்தக் கணக்கைப் போட்டதாகத் தெரியவில்லை.

முதல் சிக்கல்: வேன் வராது

இங்கிலாந்தில் 5 முதல் 16 வயது வரை, தகுதியுள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து பள்ளிக்கு இலவசப் போக்குவரத்து கொடுப்பது கவுன்சிலின் கடமை. உடல்குறை காரணமாக நடந்து போக முடியாத பிள்ளைக்கு வாசலுக்கே வேன் வரும். அந்தப் பிள்ளை பதினாறைத் தாண்டியதும் இந்தக் கடமை மாறிவிடுகிறது. எந்த உதவி தேவை என்று கவுன்சிலே முடிவு செய்யலாம். குடும்பத்திடம் கட்டணம் கேட்கலாம். செய்ய வேண்டியது, ஒவ்வோர் ஆண்டும் மே 31க்குள் போக்குவரத்துக் கொள்கையை வெளியிடுவது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 2015 முதல் இங்கிலாந்தில் 18 வயது வரை ஏதாவது ஒரு கல்வியிலோ பயிற்சியிலோ இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அதாவது, 'நீ படித்தே ஆக வேண்டும்' என்கிறது ஒரு சட்டம். 'எப்படிப் போவது என்பது உன் பாடு' என்கிறது இன்னொரு சட்டம்.

இன்னும் விசித்திரம், 19 வயதுக்கு மேல் படிப்பைத் தொடங்குபவருக்குப் போக்குவரத்து அவசியம் என்று கவுன்சில் ஏற்றுக்கொண்டால் அதை இலவசமாகவே தர வேண்டும். 16க்குக் கீழேயும் இலவசம், 19க்கு மேலேயும் இலவசம். நடுவில் இருப்பவர் மாட்டிக்கொள்கிறார்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். சக்கர நாற்காலியில் இருக்கும் 17 வயது மாணவர். அவர் கல்லூரி 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாற்காலியோடு ஏற்றும் வசதியுள்ள வேனும், வழியில் வலிப்பு வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு உதவியாளரும் வேண்டும். கவுன்சில் இதற்குப் பதிலாகப் பயணப்படி மட்டும் தருகிறேன் என்றால் என்ன ஆகும்? அம்மாவோ அப்பாவோ வேலையை விட்டுவிட்டு ஓட்டுநராக மாற வேண்டியதுதான். திட்டத்தில் கல்லூரியின் பெயர் இருக்கும். மாணவர் வீட்டில் இருப்பார். போக்குவரத்து முடிவை எதிர்த்துச் சிறப்புக் கல்வித் தீர்ப்பாயத்துக்கும் போக முடியாது. கவுன்சிலிடமே முறையீடு, பிறகு குறைதீர்ப்பாளர் என்று சுற்றத்தான் வேண்டும்.

கவுன்சில்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பள்ளிப் போக்குவரத்துக்கு மட்டுமே 2023-24இல் சுமார் 230 கோடி பவுண்டு செலவானது. கட்டாயக் கடமையைக் குறைக்க முடியாது. அதனால் கட்டாயம் இல்லாத 16 வயதுக்கு மேற்பட்டோர் பக்கம்தான் கத்தரி திரும்புகிறது.

இரண்டாவது சிக்கல்: முடிவு வராது

பள்ளியிலிருந்து கல்லூரிக்கு மாறும் மாணவரின் திட்டத்தைக் கவுன்சில் மார்ச் 31க்குள் இறுதி செய்துவிட வேண்டும் என்பது விதி. செப்டம்பரில் வகுப்பு தொடங்கும். இடையில் உள்ள ஐந்து மாதத்தில் கல்லூரி ஆள் எடுக்கணும், கருவி வாங்கணும், தங்கும் அறையை மாற்றி அமைக்கணும்.

ஆனால் பல மாணவர்களுக்குக் கோடை விடுமுறை வரைக்கும் பதில் வருவதில்லை. விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. சாதாரண மாணவருக்கு இது எரிச்சல். மாற்றத்தையே தாங்க முடியாத ஆட்டிசம் உள்ள இளைஞருக்கோ, எங்கே போகப்போகிறோம் என்று தெரியாமல் ஒரு கோடைக்காலத்தைக் கடப்பது பெரும் பதற்றம். புதிய இடத்தை முன்கூட்டியே பார்த்துப் பழகும் வாய்ப்பும் போய்விடுகிறது.

புதிதாகத் திட்டம் கேட்பவர்களுக்கு 20 வாரத்துக்குள் அதை முடித்துத் தர வேண்டும் என்பது சட்டம். 2024இல் அந்தக் கெடுவுக்குள் வந்தவை 46.4 சதவீதம் மட்டுமே. பாதிக்கும் மேல் தாமதம்.

தீர்ப்பாயத்துக்குப் போனால்? 2023-24 கல்வியாண்டில் சுமார் 21,000 முறையீடுகள் பதிவாயின. விசாரணை வரை போய்த் தீர்ப்பு வந்த வழக்குகளில் 95 சதவீதத்துக்கும் மேல் முழுமையாகவோ பகுதியாகவோ குடும்பங்களுக்குச் சாதகம். ஆனால் தீர்ப்பு வருவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். இரண்டு அல்லது மூன்று ஆண்டுப் படிப்பில் அந்த மாதங்களுக்கு என்ன விலை என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது சிக்கல்: காசு ஏறாது

சிறப்புக் கல்லூரிக்கு ஒரு மாணவருக்கான பணம் மூன்று பகுதியாக வருகிறது. முதலாவது, படிப்புக்கான பொதுத் தொகை. இரண்டாவது, கூடுதல் உதவிக்காக ஓர் இடத்துக்கு 6,000 பவுண்டு. இந்த இரண்டும் மத்திய அரசிடமிருந்து வருபவை. அதற்கு மேல் ஆகும் செலவை மாணவரின் கவுன்சில் தர வேண்டும்.

அந்த 6,000 பவுண்டு 2013இல் வைத்த தொகை. பத்து ஆண்டுக்கும் மேலாக அப்படியே நிற்கிறது. விலைவாசியும் சம்பளமும் எங்கேயோ போய்விட்டன. விழும் பள்ளத்தைக் கவுன்சில் நிரப்ப வேண்டும். கவுன்சிலிடமோ பணம் இல்லை. அதனால் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாகப் பேரம். இருபது கவுன்சில்களிலிருந்து மாணவர்கள் வந்தால், கல்லூரி இருபது இடத்தில் பேரம் பேச வேண்டும்.

கட்டடச் செலவு இன்னொரு தலைவலி. பொதுக் கல்லூரிகளுக்கு வந்த சீரமைப்பு நிதிகள் தங்களுக்கு நேரடியாக எட்டுவதில்லை என்பது சிறப்புக் கல்லூரிகளின் நீண்டநாள் குறை. சிறப்புத் தேவை உள்ள மாணவர்களுக்கு 50,000 புதிய இடங்கள் உருவாக்க 300 கோடி பவுண்டு என்று 2025 டிசம்பரில் அரசு அறிவித்தது. அதிலும் கவனம் சாதாரணப் பள்ளிகள் மீதுதான்.

கவுன்சில்கள் ஏன் இந்த நிலையில்?

தேசிய தணிக்கை அலுவலகம் 2024 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதிகத் தேவை உள்ள மாணவர்களுக்கான நிதி பத்து ஆண்டுகளில், பணவீக்கத்தைக் கழித்த பிறகும், 58 சதவீதம் உயர்ந்து 2024-25இல் 1,070 கோடி பவுண்டு ஆனது. ஆனாலும் மாணவர்களின் நிலை முன்னேறவில்லை என்றது அறிக்கை. 2026 மார்ச்சுக்குள் கவுன்சில்களின் மொத்தப் பற்றாக்குறை 460 கோடி பவுண்டை எட்டலாம், 43 சதவீதக் கவுன்சில்களுக்கு அது கையிருப்பை மிஞ்சும் அல்லது நெருங்கும் என்றும் எச்சரித்தது.

இந்தக் கடனைக் கவுன்சில்கள் தனிக் கணக்கில் ஓரமாக வைத்துக்கொள்ள 2028 மார்ச் வரை அனுமதி இருக்கிறது. அதற்குப் பிறகு இந்தச் செலவை மத்திய அரசே தன் கணக்கில் ஏற்கும் என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் சொல்லப்பட்டது. 2028-29இல் மட்டும் அது சுமார் 600 கோடி பவுண்டாக இருக்கும் என்பது மதிப்பீடு. ஆக, செலவைக் குறைக்கும் அழுத்தம் இனி நேரடியாக அரசின் தலையில்.

சீர்திருத்தம் எந்தப் பக்கம் போகிறது?

அரசின் திசை தெளிவு: முடிந்தவரை சாதாரணப் பள்ளியிலேயே, சீக்கிரமாகவே உதவி கொடுப்பது. நல்ல நோக்கம்தான். பலருக்கு அது பலன் தரும். ஆனால் சீர்திருத்தம் இரண்டு தண்டவாளத்தில் ஓடுகிறது. 16 வயதுக்கு மேற்பட்ட கல்வி, திறன் பயிற்சி பற்றிய வெள்ளை அறிக்கை 2025 அக்டோபரில் வந்தது. சிறப்புக் கல்விச் சீர்திருத்தமோ பள்ளிகளுக்கான வெள்ளை அறிக்கையோடு சேர்க்கப்பட்டு, 2026க்குத் தள்ளப்பட்டது. 19 வயது மாற்றுத்திறனாளி இளைஞர் இந்த இரண்டில் எந்த ரயிலில் ஏறுவது?

'சீக்கிரமே உதவினால் பின்னால் செலவு குறையும்' என்ற கணக்கு, பிறவியிலேயே பல குறைபாடுகள் கொண்ட பிள்ளைக்குப் பொருந்தாது. மூன்று வயதில் எவ்வளவு நல்ல உதவி கிடைத்தாலும் பத்தொன்பது வயதில் அவருக்குச் செவிலியரும் பேச்சுக் கருவியும் வேண்டும்.

பந்தயத்தில் இருப்பது என்ன?

இங்கிலாந்தில் கவுன்சில்களின் நீண்டகாலப் பராமரிப்பில் உள்ள, கற்றல் குறைபாடு கொண்ட 18 முதல் 64 வயதுக்காரர்களில் சம்பள வேலையில் இருப்பவர்கள் சுமார் 5 சதவீதம் மட்டுமே. இந்த எண்ணை மாற்றுவதற்கான வழிகள் தெரியாதவை அல்ல. வேலையிடத்திலேயே ஒரு பயிற்சியாளர் கூட இருந்து பழக்கும் ஆறு மாதத்துக்குக் குறையாத 'ஆதரவுப் பயிற்சி' முறை அவற்றில் ஒன்று. 2022 முதல் 2025 வரை 1.8 கோடி பவுண்டு ஒதுக்கி அதன் இடங்களை இரட்டிப்பாக்க அரசே முயன்றது.

கல்விச் செலவைப் பார்ப்பவர்கள் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். தானாக உடை மாற்றவும், ஒரு பேருந்தில் தனியாகப் போய்வரவும் கற்றுக்கொண்ட இளைஞருக்கு அடுத்த நாற்பது ஆண்டு தேவைப்படும் பராமரிப்பு குறையும். கற்காமல் வீட்டில் முடங்கியவருக்கு அது கூடும். கல்விக் கணக்கில் மிச்சம் பிடித்த பணம் சமூகப் பராமரிப்புக் கணக்கில் வட்டியோடு வெளியே போகும். பணம் தரும் பை வேறு வேறாக இருப்பதால் அந்த நஷ்டம் யார் கண்ணிலும் படுவதில்லை.

அடுத்து கவனிக்க வேண்டியவை மூன்று. புதிய சட்டத்தில் 25 வயது வரம்பு அப்படியே இருக்குமா? 16 முதல் 18 வரையிலான போக்குவரத்து ஓட்டை அடைபடுமா? 2013இல் வைத்த 6,000 பவுண்டு நகருமா? கடைசி இரண்டுக்கும் பதில் இல்லை என்றால், முதலாவது காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.