சாதிக்கு ஒரு அலமாரி, கடவுளுக்கு வேறு அலமாரியா?

தலித் போதகர் ஒருவர் போன வருடம் காலமானார். வீட்டில் அவர் சேர்த்து வைத்திருந்த இறையியல் புத்தகங்களைப் பட்டியல் போட்டுத் தரச் சொல்லிக் குடும்பத்தார் கேட்டார்கள். இரண்டு மாணவர்களோடு ஐந்து ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். 640 புத்தகங்கள். அது போக இரண்டு சாக்கு மூட்டைகள்: கருத்தரங்கச் சிறு பிரசுரங்கள், உருட்டச்சுத் தாள்கள், கையால் எழுதிய பாட்டு நோட்டுகள், கேசட்டுகள்.

ஒரு இறையியல் நூலகம் வாங்கிக்கொள்ள முன்வந்தது. பட்டியலைப் பார்த்துவிட்டு அவர்கள் சொன்ன பதில்: கெட்டி அட்டை ஆங்கிலப் புத்தகங்களை எடுத்துக்கொள்கிறோம், தலித் விஷயமெல்லாம் சமூகவியலில் சேரும், மூட்டையைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடுங்கள்.

என் சண்டை இந்த இரண்டாவது வாக்கியத்தோடுதான்.

நம் நூலகங்களில் பெரும்பாலும் நடப்பது டூவி தசமப் பகுப்பு முறை. அதில் 200 முதல் 299 வரை மதம். அதில் மிகப் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கு. கிறிஸ்தவ இறையியல் 230இல் இருக்கிறது. சாதியோ 300களில், சமூகவியலில். வெறும் எண்தானே என்று கேட்கலாம். ஆனால் கார்ல் பார்த்தை யாரும் ‘ஜெர்மன் பிரச்சினை’ என்று தள்ளி வைப்பதில்லை. 1934இல் பார்மன் அறிக்கையை அவர் எழுதியது நாஜிகளுக்குப் பணிந்துபோன திருச்சபையை எதிர்த்து, அந்த ஊருக்காக, அந்த நேரத்துக்காக. அது இறையியல். 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் பேசி, பின்னர் தலித் இறையியலாக வளர்ந்தது மட்டும் ‘உள்ளூர்ச் சூழல்’. ஊர் என்றால் பொது, சேரி என்றால் தனி. அலமாரியிலும் அதே தெரு அமைப்புதான்.

இது புதுப் பழக்கமும் அல்ல. போதகர் சேகரத்தில் மிஷன் வரலாறு நிறைய இருந்தது. சாதியைக் கைவிட்டால்தான் சபையில் இடம் என்று 1850இல் சென்னை மிஷனரி மாநாடு நின்றது. லைப்சிக் மிஷனின் கிரால் அதை ஏற்கவில்லை. சாதி சமூக வழக்கம், அதை உடனே விடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அவர் வாதம். நூறு ஆண்டு கழித்து 1950இல் குடியரசுத் தலைவர் ஆணை நேர் எதிராகச் சொன்னது: சாதி இந்து மதத்தோடு சேர்ந்தது, வேறு மதத்தில் இருப்பவர் பட்டியல் சாதி இல்லை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. நமக்குத் திறக்கவில்லை. சபைக்குள் கேட்டால் சாதி மதமல்ல; அரசிடம் கேட்டால் சாதி மதம்தான். இரண்டு பதிலிலும் அடிபட்டவர் ஒரே ஆள்.

இதில் பட்டியல் எங்கே வருகிறது? சூசை வழக்கைப் படியுங்கள். சென்னையில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். தொழிலாளிகளுக்கு அரசு கொடுத்த இலவசப் பெட்டிக்கடை அவருக்குக் கிடைக்கவில்லை. 1985இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்றது.

ஆதாரம் அந்தச் சாக்கு மூட்டையில் இருந்தது, தோழர்களே. திருவிருந்து பற்றிய ஒரு புத்தகத்தின் ஓரத்தில் போதகர் பென்சிலால் குறித்திருக்கிறார்: எந்த ஊரில் எந்தத் தெருக்காரர் முதலில் பந்திக்கு வருகிறார், யார் கடைசியில் காத்திருக்கிறார், கல்லறையில் யாருக்கு எந்த மூலை. நூலகக்காரர் கண்ணுக்கு அது ‘சேதமடைந்த பிரதி’. நாங்கள் அந்தக் குறிப்புகளை ஊர்வாரியாகத் தனிப் பதிவாக ஏற்றினோம். தலித் இறையியல் நூல் ஒவ்வொன்றுக்கும் 230இலும் 305இலும் இரண்டு பதிவு போட்டோம். பார்த்துக்கும் அப்படியே, ஜெர்மனி வரலாற்றில் இன்னொரு பதிவு. அவரும் கொஞ்சம் உள்ளூர்க்காரராக இருக்கட்டும்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். தலித் இறையியல் என்று நாங்கள் அடுக்கியதில் பெரும்பகுதி ஆங்கிலம். பெண்கள் எழுதியவை ஒரு கை விரலில் அடங்கின. யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் கைக்கு அது போகவில்லை. போனது பாட்டுதான். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நம் ஆட்களுக்குப் பரட்டை அண்ணன், நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே கட்டினார். கறி சோறு, களத்துமேடு தெரிந்த மொழி. எழுதப் படிக்கத் தெரியாத ஆயாக்களுக்கும் அது பாடம். அவர் பாட்டுத்தாளை ‘இசை’யில் வைக்கலாமா என்று மாணவி கேட்டாள். 230இலேயே வை என்றேன், பார்த்துக்குப் பக்கத்தில்.

நூலகத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டோம். புத்தகங்கள் இப்போதைக்குக் குடும்பத்தார் வீட்டு மாடியில், மூட்டைத் தாள்கள் என் அறையில் ஸ்கேன் ஆகின்றன. உங்கள் ஊரிலும் ஓய்வு பெற்ற உபதேசியார், வேதாகமப் பெண் யாராவது டிரங்குப் பெட்டி வைத்திருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே போய் உட்காருங்கள். ஓரக் குறிப்பில் இருக்கும் ஊர்ப்பெயரின் சுருக்கம் அவர்களுக்குத்தான் புரியும். எங்களுக்குப் பதினோரு சுருக்கங்கள் இன்னும் பிடிபடவில்லை. கேசட்டுகளில் ஏழு ஓடவில்லை. நல்ல டேப் ரெக்கார்டர் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.