தேர்ச்சிப் பட்டியலும் வரிக் கணக்கும்

ஒரு பள்ளிக்கூடத்தின் யோக்கியதையை அறிய அதன் தேர்ச்சிப் பட்டியலைப் பார்த்தால் போதும் என்று எண்ணுவோர் பலர். மாணாக்கர் தேறவில்லையென்றால் உபாத்தியாயர் சோம்பேறி. உபாத்தியாயர் மேல் குற்றமில்லையென்றால் பெற்றோருக்குக் கல்வியில் சிரத்தையில்லை. இவ்விதம் தீர்ப்புக் கூறிவிட்டு அவர்கள் நிம்மதியடைகின்றனர். இஃது அவசரத் தீர்ப்பு என்பது நமது உறுதியான அபிப்பிராயம். தேர்ச்சிப் பட்டியலுக்குப் பக்கத்தில் வரிக் கணக்கையும் உபாத்தியாயர் சம்பள விகிதத்தையும் வைத்துப் பாராதவர்களுக்கு, ஒரு பள்ளிக்கூடத்தைக் குறை கூற உரிமை கிடையாது. இவ்வுண்மையை விளக்குவதற்கு, அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்ஸஸ் ராஜ்யத்தில், ஸான் அந்தோனியோ நகரத்தில் எழுந்த வழக்கைக் காட்டிலும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

அமெரிக்காவில் பொதுப் பள்ளிக்கூடங்களைப் பெரும்பாலும் ராஜ்ய சர்க்கார் நேராக நடத்துவதில்லை. ‘பள்ளி ஜில்லா’ என்ற ஸ்தல ஸ்தாபனங்களே நடத்துகின்றன. முன்னாளில் நமது ஜில்லா போர்டுகள் பல காரியங்களோடு சேர்த்துச் செய்துவந்த கல்வி வேலையை, அங்கே அதற்கென்றே ஏற்பட்ட இந்த ஸ்தாபனங்கள் செய்கின்றன. ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை ஒன்று பள்ளி ஜில்லாவை நிர்வகிக்கிறது. எல்லைக்குள் இருக்கும் நிலம், வீடு, தொழிற்சாலை முதலிய சொத்துக்களின் மீது வரி விதிக்கிறது. கேட்பதற்கு இது ஸ்தல சுயாட்சியின் சிகரமாகவே தோன்றும். ஆனால் வரி விதிக்கும் அதிகாரம் எல்லா ஜில்லாக்களுக்கும் ஒன்றாயிருப்பினும், வரி விதிக்கத்தக்க சொத்து ஒன்றாயில்லை. அநீதி நுழைவது இந்த வாசல் வழியாகத்தான்.

ஸான் அந்தோனியோவில் எட்ஜ்வுட் என்பது ஓர் ஏழைப் பள்ளி ஜில்லா. 1967-68ஆம் பள்ளி வருஷத்தில் அங்கே 25 பள்ளிக்கூடங்களில் சுமார் 22,000 பிள்ளைகள் படித்தனர். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மெக்ஸிக வம்சத்தினர். அதே நகரப் பகுதியில் அலமோ ஹைட்ஸ் என்பது செல்வர் வாழும் ஜில்லா. 6 பள்ளிக்கூடங்கள், சுமார் 5,000 பிள்ளைகள். எட்ஜ்வுட்டில் ஒரு பிள்ளைக்கு 5,960 டாலர் பெறுமான சொத்து மட்டுமே வரிக்குட்பட்டிருந்தது. அலமோ ஹைட்ஸிலோ 49,000 டாலருக்கும் மேல். எட்ஜ்வுட் வாசிகள் நூறு டாலர் சொத்துக்கு 1 டாலர் 5 சென்ட் வரி கட்டினர். அலமோ ஹைட்ஸ் வாசிகள் கட்டியது 85 சென்ட்தான். இவ்வளவு கூடுதலான வரியைச் சுமந்தும், எட்ஜ்வுட் தனது ஸ்தல வரியிலிருந்து பிள்ளை ஒன்றுக்குச் செலவிட முடிந்தது 26 டாலர். குறைந்த வரி கட்டிய அலமோ ஹைட்ஸ் செலவிட்டது 333 டாலர்! ஏழைகளுக்குக் கல்வியில் சிரத்தையில்லை என்போர் இந்தக் கணக்கை ஒரு முறை படிப்பார்களாக.

ராஜ்ய சர்க்காரின் உதவி இந்தப் பள்ளத்தை நிரப்பியிருக்க வேண்டாமா? எட்ஜ்வுட் பிள்ளைக்குக் கிடைத்த ராஜ்ய உதவி 222 டாலர். அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 225 டாலர். உபாத்தியாயரின் யோக்கியதைக்கும் அனுபவத்திற்கும் தக்கபடி சம்பள உதவி அளிக்கப்பட்டதால், நல்ல உபாத்தியாயரை அமர்த்த வசதியுள்ள ஜில்லாவே அதிக உதவியும் பெற்றது. உள்ளவனுக்கே மேலும் கொடுப்பது என்ற விசித்திர தர்மம் இது! மத்திய சர்க்கார் தந்த பணமே ஏழை ஜில்லாவுக்கு அதிகம். எல்லாம் கூட்டினால் எட்ஜ்வுட்டுக்கு 356 டாலர். அலமோ ஹைட்ஸுக்கு 594 டாலர்.

இந்த வித்தியாசம் வகுப்பறையில் என்ன செய்தது? 1968-69இல் அலமோ ஹைட்ஸ் உபாத்தியாயர் அனைவரும் பட்டதாரிகள். எட்ஜ்வுட்டில் நூற்றுக்கு 80 பேரே. எட்ஜ்வுட் உபாத்தியாயரில் ஏறக்குறையப் பாதிப் பேர், அதாவது நூற்றுக்கு 47 பேர், முறையான தகுதி பெறாமல் தற்காலிக அனுமதியின் பேரில் பாடம் நடத்தியவர்கள். அலமோ ஹைட்ஸில் அத்தகையோர் 11 பேர். எட்ஜ்வுட்டின் உச்ச சம்பளம் அலமோ ஹைட்ஸின் உச்ச சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்கே. கற்றுத் தேர்ந்த உபாத்தியாயர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்லவும் வேண்டுமோ?

1968 மே மாதத்தில் எட்ஜ்வுட் உயர்தரப் பள்ளி மாணாக்கர் வகுப்புகளை விட்டு வெளியேறிக் கிளர்ச்சி செய்தனர். அவ்வருஷமே டெமெட்ரியோ ரொட்ரீகெஸ் என்ற தகடு வேலைத் தொழிலாளியும் வேறு சில பெற்றோரும் நியாயஸ்தலத்தை நாடினர். 1971 டிசம்பரில் கீழ்க்கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 1973 மார்ச் 21ஆம் தேதி, அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. கல்வி அமெரிக்க அரசியல் சட்டம் உறுதி செய்த அடிப்படை உரிமை அல்லவென்றும், பள்ளிகளின் மீது ஸ்தல அதிகாரத்தைக் காப்பது நியாயமான நோக்கமே என்றும் ஜஸ்டிஸ் பவெல் எழுதினார்.

ஸ்தல அதிகாரம் என்ற இந்த வாதத்தை மாறுபட்ட தீர்ப்பெழுதிய ஜஸ்டிஸ் ஒயிட் தகர்த்தெறிந்தார். அந்த ஜில்லாக்களில் அதிகபட்சமாகக் கிடைத்த வருமானத்தைப் பெற, அலமோ ஹைட்ஸ் நூறு டாலருக்கு 68 சென்ட் வரி விதித்தால் போதும். எட்ஜ்வுட் 5 டாலர் 76 சென்ட் விதிக்க வேண்டும். ஆனால் 1 டாலர் 50 சென்டுக்கு மேல் விதிக்கலாகாது என்பது ராஜ்யச் சட்டம்! கையைக் கட்டிப்போட்டுவிட்டு, நீந்துவதும் நீந்தாததும் உன் சுதந்திரம் என்பதற்கும் இதற்கும் என்ன பேதம்? ஜஸ்டிஸ் தர்குட் மார்ஷலும் இந்தத் தீர்ப்பை வன்மையாகக் கண்டித்தார்.

பணத்தினால் மட்டும் படிப்பு வருமா என்று கேட்போரும் உளர். 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை, லக்ஷக்கணக்கான மாணாக்கரைப் பரிசோதித்து, பள்ளியின் வசதிகளைக் காட்டிலும் குடும்ப நிலையே தேர்ச்சியை அதிகமாகப் பாதிக்கிறதென்று கூறியது உண்மையே. ஆனால் குடும்பம் முக்கியம் என்பதிலிருந்து பள்ளி முக்கியமல்ல என்ற முடிவு எப்படிப் பிறக்கும்? ஜாக்ஸன், ஜான்ஸன், பெர்ஸிகோ என்ற பொருளாதார நிபுணர் மூவர் 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. பன்னிரண்டு பள்ளி வருஷங்களிலும் பிள்ளைக்குச் செலவிடும் தொகை நூற்றுக்குப் பத்து உயர்ந்தால், வளர்ந்தபின் அவர்களது ஊதியம் சுமார் நூற்றுக்கு ஏழு உயர்கிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே இதன் பலன் அதிகம். பணத்தை வீணாக்கும் நிர்வாகத்தை நாம் ஆதரிக்கவில்லை. வீணாக்குவதற்குக்கூடப் பணமில்லாத நிர்வாகத்தின் மீது பழி போடுவதையே ஆக்ஷேபிக்கிறோம்.

எட்ஜ்வுட் ஜனங்கள் தோல்வியைக் கண்டு ஓய்ந்துவிடவில்லை. டெக்ஸஸின் சொந்த அரசியல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ராஜ்யக் கோர்ட்டுகளில் மீண்டும் போராடினர். 1989இல் டெக்ஸஸ் சுப்ரீம் கோர்ட்டு ஏகமனதாக அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த ராஜ்யத்தில் மிகுந்த செல்வமுள்ள ஜில்லாவுக்கும் மிகுந்த வறுமையுள்ள ஜில்லாவுக்கும் பிள்ளை ஒன்றுக்கான சொத்து மதிப்பில் 700க்கு 1 என்ற வித்தியாசம் இருந்ததைக் கோர்ட்டு எடுத்துக்காட்டியது. பரம ஏழை ஜில்லாக்கள் நூறும் சராசரி 74½ சென்ட் வரி விதித்து 2,978 டாலர் செலவிட, பெருஞ்செல்வ ஜில்லாக்கள் நூறும் 47 சென்ட் விதித்து 7,233 டாலர் செலவிட்டன. கடைசியில் 1993இல், செல்வ ஜில்லாக்களின் மிகுவரியில் ஒரு பங்கை மற்ற ஜில்லாக்களுக்குத் திருப்பும் சட்டம் பிறந்தது. அந்த ஏற்பாடு இன்றும் அமலில் இருக்கிறது. தங்களைக் கொள்ளையடிப்பதாகச் செல்வ ஜில்லாக்கள் கூக்குரலிடுவதும் ஓயவில்லை. ராஜ்ய சர்க்கார் தன் பொக்கிஷத்திலிருந்து தாராளமாகக் கொடுத்திருந்தால் இந்தச் சச்சரவு இவ்வளவு முற்றியிராது என்பதே நமது கருத்து.

நமது தேசத்தில் 2002ஆம் வருஷத்திய 86ஆவது திருத்தத்தின் மூலம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி அடிப்படை உரிமையாக அரசியல் சட்டத்திலேயே இடம் பெற்றது. எட்ஜ்வுட் பெற்றோருக்கு அவர்கள் தேசத்தின் உயர்ந்த நியாயஸ்தலம் மறுத்ததை நாம் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறோம். இது பெருமைக்குரியதே. ஆயினும் ஏட்டிலுள்ள உரிமை உபாத்தியாயருக்குச் சம்பளம் கொடாது, பட்ஜெட்தான் கொடுக்கும். ஆகவே பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. ஒரு பள்ளியின் தேர்ச்சி குறைந்ததென்று கேள்விப்பட்டால், பிள்ளைகளைப் பழிக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளை ஒன்றுக்கு எவ்வளவு செலவாகிறது? உபாத்தியாயர் எத்தனை பேர், என்ன யோக்கியதையுடையவர்? பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு இவை எவ்வளவு? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும் வரை அதிகாரிகளை விடாதீர்கள். எட்ஜ்வுட் பெற்றோர் இருபத்தைந்து வருஷம் விடவில்லை.